நாற்பத்தோராவது மருந்து

குல்நார் ஷிராஸியின் வலது கை அந்த வருஷம் முப்பத்து நாலாயிரம் இடங்களில் வேலை பார்த்தது. தமிழ்நாட்டில் எத்தனை ரேஷன் கடை இருந்ததோ, அத்தனை இடத்திலும். அசல் கை மட்டும் சென்னையில், ஒரு பெரிய அரசு மருத்துவமனை வளாகத்தின் பின்கோடியில், யுனானிப் பிரிவின் மூன்றாம் எண் அறையில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தது.

2046-ல் இது யாருக்கும் அதிசயமில்லை. அரிசி, பருப்பு வாங்க வருகிறவர்கள் அப்படியே மூலையில் நிற்கும் சாம்பல் நிறப் பெட்டிக்குள் மணிக்கட்டை நுழைப்பார்கள். உள்ளே நான்கு ரப்பர் விரல்கள் நாடியில் வந்து உட்காரும். "பயப்படாத கண்ணு, கையத் தளர்த்தி வை" என்று குல்நாரின் குரல் சொல்லும். தூக்கம் எப்படி, பசி எப்படி, உள்ளங்கால் எரிகிறதா, குளிர்ந்த தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று ஏழெட்டுக் கேள்வி கேட்கும். பிறகு கீழே இருக்கும் திறப்பில் ஒரு பொட்டலம் வந்து விழும். மொத்தம் நாற்பது மருந்து. எல்லாம் இலவசம். அரசாங்கம் வைத்த பெயர் நாடித்துணை. யுனானி வைத்தியரை ஹகீம் என்பார்கள், அதனால் ஜனங்கள் வைத்த பெயர் ஹகீம்மா பெட்டி.

ஊர் யுனானி என்று சொல்வதைக் குல்நாரின் வீட்டில் பாரசீக வைத்தியம் என்றுதான் சொல்வார்கள். நவாப் காலத்தில் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்து ஆயிரம் விளக்குப் பக்கம் தங்கிவிட்ட குடும்பம். அதற்காகக் குல்நார் பரம்பரைப் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் இல்லை. அரசுக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கி, தேர்வெழுதி வேலைக்கு வந்தவர். ஐம்பத்து மூன்று வயது. குள்ளமான உருவம், கணீர்க் குரல், மூக்குக்கு மேல் கோபம்.

கோபத்துக்குக் காரணமும் இருந்தது. இருபத்தைந்து வருஷமாக அந்த வளாகத்தின் மற்ற கட்டடங்களில் அவர் பிரிவுக்குக் 'கஷாயக் கடை' என்று பெயர். அப்படியிருந்த இடத்துக்கு ஒரு நாள் பொறியாளர்கள் வந்தார்கள். அவர் கையில் மெல்லிய உணர் உறை ஒன்றை மாட்டிவிட்டார்கள். நான்கு வருஷம் அவர் தொட்ட ஒவ்வொரு நாடியையும், தொட்டபின் எழுதிய ஒவ்வொரு மருந்தையும் பதிவு செய்து, அதிலிருந்து பெட்டியைச் செய்தார்கள். குல்நாருக்குத் தலைகால் புரியவில்லை. இனி எவன் சொல்வான் கஷாயக் கடை என்று?

அந்தச் சந்தோஷம் ஒன்றரை வருஷம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை கோதைநாயகி வந்தார்.

கோதைநாயகி அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நாற்பத்து மூன்று வயது, பிரேக் வேலையில் கைதேர்ந்தவர், நகக்கண்ணில் கிரீஸ். மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே வந்து, ஒரு பிளாஸ்டிக் கவரை மேஜையில் கவிழ்த்தார். ஆறு காலிப் பொட்டலங்கள். எல்லாமே கமீரா, நெஞ்சுக்குத் தெம்பு தரும் இனிப்பு லேகியம்.

"ஆறு தடவ குடுத்தீங்கம்மா. ஒண்ணும் கேக்கல."

"நான் உன்ன இன்னிக்குத்தான் பாக்குறேன் கண்ணு."

"என்னம்மா சொல்றீங்க? மாசாமாசம் கை நீட்டுறேன், மாசாமாசம் நீங்கதான் பேசுறீங்க. இதே கொரலு."

குல்நார் நாடியில் நான்கு விரலை வைத்தார். அவர் படித்த நூல்களில் நாடிக்கு நடை உண்டு. மான் துள்ளல், எறும்பு ஊர்தல், அலை, எலிவால் என்று பெயர்கள் உண்டு. இந்த நாடிக்கு எந்த நடையும் இல்லை. கூட்டத்தில் இடிபட்டு ஓடுகிறவனைப் போல ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. குனிந்து கணுக்காலை அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

அவர் சீட்டை இழுத்து, தலைப்பில் வழக்கமான இரண்டு சொற்களை எழுதினார்: ஹுவஷ் ஷாஃபீ. குணமாக்குகிறவன் அவனே என்று அர்த்தம். எல்லா ஹகீம்களும் சீட்டின் உச்சியில் எழுதுவதுதான். அதன் கீழே மருந்து எழுத வேண்டும். குல்நார் எழுதவில்லை. வெற்றுச் சீட்டைக் கோதைநாயகியின் கையில் கொடுத்து, "எந்திரி, என்கூட வா" என்று தோளைப் பிடித்து எழுப்பினார்.

இது ஷிராஸி குடும்பத்தின் வழக்கம். தன்னிடம் மருந்து இல்லாத நோய்க்கு எதையாவது எழுதுவது துரோகம். அதற்காக ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் மனசு உடைந்துபோகும். எனவே தலைப்பு மட்டும் எழுதிய சீட்டு. அதோடு குல்நாரே கையைப் பிடித்து எதிர்க் கட்டடத்துக்கு அழைத்துப் போய், வாயால் சொல்லி ஒப்படைத்துவிட்டு வருவார். கடிதம் எழுத மாட்டார். பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு நோயாளியிடம் கடிதம் எழுதிக் கொடுத்தார். இதயப் பிரிவின் டாக்டர் தணிகாசலம் அதைத் திருப்பி அனுப்பினார். "கஷாயக்காரங்க லெட்டரெல்லாம் ஃபைல்ல வைக்க முடியாது" என்றாராம். அன்றிலிருந்து குல்நார் அந்தக் கட்டடத்துக்கு ஒரு வரி எழுதியதில்லை. ரோஷம்.

இதயப் பிரிவின் கவுன்டருக்குப் போகும் வழியில் கோதைநாயகி கேட்டார். "ஏம்மா, இத ஆறு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

கவுன்டர் அருகே வந்தபோது கோதைநாயகியின் வலது கையிலிருந்து சீட்டு நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. ஏதோ சொல்ல வந்தார், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்ததால் உயிர் பிழைத்தது. பேச்சு மெல்ல வந்தது. ஸ்பேனர் பிடித்த கை வரவில்லை.

*

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் இளவேனில். முப்பத்தைந்து வயதுப் பொறியாளர், ஆரம்பத்தில் உறை மாட்டிவிட வந்தவர்களில் ஒருவர். மாதத்துக்கு ஒருமுறை பெட்டியின் கையை அசல் கையோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வருவார். அந்த முறை வந்ததும் குல்நார் உறையை மாட்ட விடவில்லை.

"மொதல்ல இதச் சொல்லு. அந்த மாதிரி நாடியத் தொட்டா நான் கமீரா குடுக்க மாட்டேன். என் கை எப்படிக் குடுத்துச்சு?"

இளவேனில் மடிக்கணினியைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், நாலு வருஷத்துல பதினெட்டாயிரத்து அறுநூத்துச் சொச்சம் நாடி பதிவு பண்ணோம். அதுல ரெண்டாயிரத்து இருநூத்து ஏழு பதிவுல நாடி இருக்கு, மருந்து இல்ல."

"சரி?"

"மருந்துன்ற இடம் காலியா இருந்தா, அது எழுத விட்டுப்போன பதிவுன்னு எடுத்துக்கிட்டோம். குறைப் பதிவுன்னு சொல்வோம். எல்லாத்தையும் தள்ளிட்டோம். பெட்டி அதையெல்லாம் பாக்கவே இல்ல."

குல்நார் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப, 'என்னால முடியாது'ன்னு ஒரு பதில் இருக்குறதே அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது மேடம். அந்தம்மா நாடியப் பாத்திருக்கு. இருக்குற நாப்பதுல எது கிட்ட வருதோ, அதக் குடுத்திருக்கு."

"ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருக்கணும். ஆனா..." இளவேனில் நிமிர்ந்தார். "நீங்களும் ஒரு வரி எழுதியிருக்கலாமே மேடம். 'இதயப் பிரிவு'ன்னு ரெண்டு வார்த்த. அத மட்டும் எழுதியிருந்தா நாங்க தள்ளியிருக்க மாட்டோம்."

அது சுருக்கென்று தைத்தது. நியாயமான கேள்வி என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. ஒரு மனிதன் பதினைந்து வருஷத்துக்கு முன் செய்த அவமானத்துக்காகத் தான் எழுதாமல் விட்ட வரிகள் இப்போது முப்பத்து நாலாயிரம் ரேஷன் கடைகளில் இல்லாமல் இருக்கின்றன. அன்றைக்கு முழுக்க அவர் எதுவும் சாப்பிடவில்லை. வீட்டு மாடிப்படியில் ஏறும்போது பாதியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கோபமும் துக்கமுமாகப் பட்டினி கிடந்தால் அப்படித்தான் வரும் என்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டு ஏறினார்.

மறுநாள் நாடித்துணைத் திட்ட இயக்குநர் ஆனந்தரூபனைப் பார்க்கப் போனார். சிரித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, எதையும் இல்லையென்று சொல்லாமலே இல்லையென்று ஆக்கத் தெரிந்தவர்.

"அருமையான யோசனை மேடம். அடுத்த கட்டத்துல பாக்கலாம்."

"அடுத்த கட்டம் எப்ப?"

"ஒரு சிக்கல் என்னன்னா, இந்தத் திட்டத்துக்கு உயிரே ஒரு எண்ணிக்கைதான். நூறு பேர் கை வெச்சா எத்தன பேருக்குப் பெட்டியிலயே முடிஞ்சது? இப்ப தொண்ணூத்தெட்டு. நீங்க சொல்ற மாதிரி 'போ, போ'ன்னு அனுப்ப ஆரம்பிச்சா அது சரியும். சரிஞ்சா திட்டத்த மூடிருவாங்க. திட்டத்த மூடினா உங்க பிரிவும் போகும். பழையபடி..." அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே சொன்னார்.

"கோதைநாயகியோட கை போச்சு சார்."

"ரொம்ப வருத்தம். ஆனா ஒரு கேஸ் மேடம்."

"நான் பாத்தது ஒண்ணு. பாக்காதது எத்தன?"

அவர் சிரித்தார். அதோடு சந்திப்பு முடிந்தது.

சாயங்காலம் ஹகீம்கள் சங்கத்தின் செயலாளர் இம்தியாஸ் தொலைபேசியில் வந்தார். குல்நாரை ஆபா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். "ஆபா, கெஞ்சிக் கேக்குறேன், இத வெளிய பேசாதீங்க. இப்பத்தான் பெரிய மேஜைல நமக்கு ஒரு நாற்காலி போட்டிருக்காங்க. நீங்களே தட்டிவிட்டா, 'அப்பவே சொன்னோம்'னு கைகொட்டிச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எந்த நாற்காலிக்காக நான் ஆள் கொல்லணும்ங்குற?"

"ஆபா, அப்படி இல்ல..."

"அப்படித்தான். நம்ம வைத்தியம் பெருசுன்னு நான் நெனைக்கிறதே, எங்க நிறுத்தணும்னு அதுக்குத் தெரியும்ங்குறதாலதான். அத எடுத்துட்டு மிச்சத்த மட்டும் பெட்டில போட்டு வித்தா, அது என் வைத்தியம் இல்ல. என் கொரல்ல பேசுற பொய்." போனை வைத்துவிட்டார்.

*

வழியைக் கண்டுபிடித்தது கோபம்தான் என்று சொல்லலாம். குல்நார் திட்டத்தின் ஒப்பந்தத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். கையெழுத்துப் போட்டபோது படித்திருக்க வேண்டியது. பதினேழாம் பக்கத்தில் ஒரு பிரிவு: 'மூல ஹகீம் தேவையெனக் கருதும் புதிய மருந்துகளைப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்கலாம். சேரும் பொருட்களில் நச்சுத்தன்மை இல்லையென ஆய்வுக்கூடம் சான்றளித்தால், ஏழு நாட்களில் அது தானாக ஏற்கப்பட்டதாகும்.'

அவர் அன்றே படிவத்தை வாங்கி நிரப்பினார்.

மருந்தின் பெயர்: மஃஜூனே ராஹ். தமிழில் பொருள்: வழி லேகியம். சேரும் பொருள்: வெள்ளைக் காகிதம், ஒன்று. அளவு: ஒரு சீட்டு. உட்கொள்ளும் முறை: கையில் பிடித்துக்கொண்டு உடனே அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும். பாரசீக மருந்துகளை வெறுமனே கொடுப்பதில்லை, தேனிலோ பாலிலோ பன்னீரிலோ சேர்த்துக் கொடுப்பார்கள். அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'எதனுடன் உட்கொள்வது' என்ற அந்தக் கட்டத்தில் குல்நார் எழுதினார்: கூட ஒரு ஆளுடன்.

இளவேனில் அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "மேடம், இத ஏத்துக்குவாங்களா?"

"யாரும் படிக்க மாட்டாங்கம்மா. நானே படிக்காமத்தான கையெழுத்துப் போட்டேன்."

ஆய்வுக்கூடம் வெள்ளைக் காகிதத்தைச் சோதித்து, ஈயம் இல்லை, பாதரசம் இல்லை, பூஞ்சை இல்லை என்று முறையாகச் சான்றளித்தது. ஏழாம் நாள் பட்டியலில் நாற்பத்தோராவது மருந்து ஏறியது.

பிறகுதான் வேலை. தள்ளிவிட்ட இரண்டாயிரத்து இருநூற்று ஏழு நாடிகளும் ஒரு கிடங்கில் அப்படியே இருந்தன. இளவேனில் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார். உறைக்குள் குல்நாரின் விரல்கள் அந்தப் பழைய நாடிகளை மறுபடி உணர்ந்தன. சில வந்தவுடனே ஆள் நினைவுக்கு வந்தது: மீன் விற்கும் பெண், தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார். அன்றைக்கு யாரை எதற்காக அழைத்துப் போனோம் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் ஏற்றுக்கொண்டு, சந்தேகமானதைக் குல்நாரே தள்ளினார். மிஞ்சியவை ஆயிரத்து எண்ணூற்று மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே மருந்து என்ற இடத்தில் எழுதினார்: நாற்பத்தொன்று. பதினோரு நாள் ஆயிற்று. கடைசியில் பெட்டி பேச வேண்டியதையும் தன் குரலிலேயே பதிந்து கொடுத்தார்.

"பிடிபட்டா உன் வேலை போயிடும்" என்றார் இளவேனிலிடம்.

"தெரியும் மேடம். தள்ளினது நான்தான். காலிப் பதிவத் தள்ளுன்னு அந்த வரிய எழுதினது என் கை."

பன்னிரண்டாம் நாள் காலையில் முப்பத்து நாலாயிரம் பெட்டிகளிலும் புதுக் கை ஏறியது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எப்போதும்போல செரிமானத்துக்கான ஜவாரிஷ் லேகியமும் கமீராவும் விழுந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டும், பொட்டலத்துக்குப் பதில், மடித்த வெள்ளைச் சீட்டு விழுந்தது. சீட்டும் மருந்துதானே, அதனால் ஆனந்தரூபனின் கணக்கில் தொண்ணூற்றெட்டு தொண்ணூற்றெட்டாகவே இருந்தது.

*

மூன்று வாரத்தில் பிடிபட்டது. பிடித்துக் கொடுத்தவர் டாக்டர் தணிகாசலம். இதயப் பிரிவின் தலைவராகி, ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தவர். 'என் பிரிவுக்குத் தினமும் எழுபது எண்பது பேர் ஒரே மாதிரி வெள்ளைச் சீட்டோடு வருகிறார்கள். யார் அனுப்புவது? விளக்கம் தேவை' என்று அவர் எழுதிய கடிதம் மேலே போனது. மேலிடம் அவரையே விசாரணை அதிகாரியாகப் போட்டது. விசாரணை நடக்கும் இடம் இதயப் பிரிவின் மாடி அறை. சாட்சியமாக மூலையில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

குல்நார் லிஃப்டுக்குக் காத்திருக்காமல், நடுவில் மூன்று தடவை நின்று அந்த இரண்டு மாடியை ஏறினார். இளவேனில் கையைப் பிடிக்க வந்தபோது உதறினார்.

ஆனந்தரூபன் எழுந்து பேசினார். முகத்தில் சிரிப்பு இல்லை. "காகிதத்த மருந்துன்னு பதிவு பண்ணியிருக்காங்க சார். இது அரசாங்கத்த ஏமாத்துற வேல. நாப்பத்தொண்ண உடனே நீக்கணும். ரெண்டு பேர் மேலயும் நடவடிக்கை எடுக்கணும்."

தணிகாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஹகீம் மேடம், நீங்க என்ன சொல்றீங்க?"

"ஏமாத்தினது உண்ம. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா நீங்க ஒண்ணு சொல்லுங்க டாக்டர். சீட்டோட வந்தவங்கள்ல எத்தன பேருக்கு நெஜமா நோய் இருந்துச்சு?"

தணிகாசலம் ஒரு தாளைப் புரட்டினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவருடைய கெட்ட பேருக்கும் அதுதான் காரணம். "பத்துல நாலு."

"கேட்டீங்களா சார்!" என்றார் ஆனந்தரூபன். "பத்துல ஆறு பேர சும்மா பயமுறுத்தி அனுப்பியிருக்கு!"

"அந்த ஆறு பேருக்கு ஒரு நாள் போச்சு" என்றார் குல்நார். "மத்த நாலு பேருக்கு என்ன போயிருக்கும்னு கோதைநாயகிகிட்ட போய்க் கேளுங்க. எடது கையால கையெழுத்துப் போடப் பழகிட்டிருக்கா."

"மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க. இந்தப் பெட்டி இப்ப யார் கை வெச்சாலும் சீட்டத்தான் துப்புது. நிரூபிக்கிறேன் பாருங்க." ஆனந்தரூபன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டியிடம் போனார். கேள்விகளுக்கெல்லாம் வேகவேகமாகப் பதில் சொன்னார். பெட்டி ஒரு கணம் யோசித்தது. ஜவாரிஷ் பொட்டலம் விழுந்தது. "காலையில எண்ணெய்ப் பலகாரத்தக் கொஞ்சம் கொறச்சுக்க கண்ணு" என்றது குல்நாரின் குரல்.

இளவேனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

ஆனந்தரூபனுக்கு முகம் சிவந்தது. "சரி, மேடமே கை வைக்கட்டும். நல்லாத்தான இருக்காங்க? இவ்வளவு நேரம் சண்டை போடுறாங்களே!"

குல்நார் தயங்கினார். ஒரு ஹகீம் தன் நாடியைத் தானே பார்க்கக் கூடாது என்பது அவர் வீட்டில் கண்டிப்பான விதி. பார்க்கிற விரலும் பார்க்கப்படுகிற கையும் ஒரே ஆளுடையது. அந்தச் சாட்சி செல்லாது. அதனால் இத்தனை வருஷத்தில் அவர் தன் மணிக்கட்டை வைத்தியம் என்று தொட்டதே இல்லை. ஆனால் இப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயந்து பின்வாங்கினாள் என்று இந்த ஆள் எழுதுவான். அவர் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, விறுவிறுவென்று போய்ப் பெட்டிக்குள் கையை நுழைத்தார்.

ரப்பர் விரல்கள் வந்து உட்கார்ந்தன. விரலின் அழுத்தம், முதல் விரலைவிட மூன்றாம் விரல் சற்று பலமாக நிற்பது, எல்லாம் அச்சு அசல் அவருடையது. தன்னைத் தானே தொடுவது அவருக்கு விநோதமாக இருந்தது.

"பயப்படாத கண்ணு. மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஒரு ஜவாரிஷ் விழும், ஆனந்தரூபனின் வாய் அடையும், ஜெயித்துவிடலாம். ஆனால் கேட்பது தன் குரல். வாழ்நாள் முழுக்க அந்தக் குரல் கேட்டால் ஜனங்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆமா" என்றார் குல்நார்.

"திடீர்னு கண் இருட்டுதா?"

"ஆமா. ரெண்டு மாசமா."

பெட்டி இந்த முறை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. விரல்கள் அழுத்தின, விட்டன, மறுபடி அழுத்தின. பிறகு கீழே மடித்த வெள்ளைக் காகிதம் ஒன்று ஓசையில்லாமல் விழுந்தது.

"கண்ணு, இது என் கையில இல்ல. இந்தச் சீட்ட எடுத்துக்கிட்டு இப்பவே கெளம்பு. தனியா போகாத."

"பாத்தீங்களா! பாத்தீங்களா சார்!" ஆனந்தரூபன் கிட்டத்தட்டக் குதித்தார். "கல்லு மாதிரி நிக்கிறாங்க, இவங்களையே ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லுது! இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

தணிகாசலம் அவரைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, குல்நாரின் மணிக்கட்டைத் தன் விரலால் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் முழுக்க அப்படியே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து உள்ளங்கையளவுக் கருவியை எடுத்து அவருடைய இரண்டு கட்டைவிரலையும் அதில் வைக்கச் சொன்னார். திரையில் ஓடிய கோட்டைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது.

"மொதல்ல ஒக்காருங்க. இதயத்துக்குள்ள போற மின்சாரம் பாதில நிக்குது. நிமிஷத்துக்கு முப்பத்து நாலுதான் அடிக்குது. இன்னிக்கே பேஸ்மேக்கர் வெக்கணும். வீல்சேர் கொண்டுவரச் சொல்றேன்."

குல்நார் உட்காரவில்லை. பயம் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்தது. சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். என் கை என்னையே விட்டுவைக்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டது.

"நாப்பத்தொண்ணு இருக்கணும்னு எழுதுங்க டாக்டர்."

"மேடம், மொதல்ல வார்டுக்கு வாங்க, அதெல்லாம் அப்பறம்..."

"அப்பறம்னா நான் இருக்க மாட்டேன், இவர் இருப்பாரு." ஆனந்தரூபனைக் காட்டினார். "மொதல்ல எழுதுங்க."

"முப்பத்து நாலுங்க! எந்த நிமிஷமும் நின்னுடலாம். இப்ப எழுத்தா முக்கியம்?"

"முப்பத்து நாலு இருக்குல்ல? நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் தாங்கும். சீக்கிரம் எழுதுங்க." மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தணிகாசலம் அவரை ஒருமுறை பார்த்தார். இந்த அம்மாளை உட்கார வைக்க ஒரே வழிதான் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்து எழுத ஆரம்பித்தார். 'நாற்பத்தோராவது மருந்து பட்டியலில் தொடர வேண்டும். நீக்கக் கூடாது. பெட்டியிலேயே முடிந்தது என்ற எண்ணிக்கையைக் கொண்டு திட்டத்தை அளப்பது நிறுத்தப்பட வேண்டும்.' இரண்டாவது வரி குல்நார் கேட்காதது. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, இளவேனிலிடம் கொடுத்தார். ஆனந்தரூபன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க போய் அந்தப் பொட்டலத்தச் சாப்பிடுங்க சார்" என்றார் தணிகாசலம்.

குல்நார் அதன்பிறகுதான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். இளவேனில் தள்ள, தணிகாசலம் பக்கத்தில் நடக்க, லிஃப்டில் இறங்கிக் கீழே கவுன்டருக்கு வந்தார்கள். கோதைநாயகி விழுந்த அதே இடம். கவுன்டரில் இருந்த நர்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு அறுபத்தேழாவது தடவையாகவோ என்னவோ, சலிப்போடு விசைப்பலகையைத் தட்டினாள்.

"பேரு, வயசு சொல்லுங்க." சொன்னார்.

"யார் அனுப்பினது? பெட்டின்னு போட்டுடவா?"

"பெட்டி இல்லம்மா. ஹகீம் குல்நார் ஷிராஸி, யுனானிப் பிரிவு. முழுசா எழுது."

நர்ஸ் குழம்பினாள். "நோயாளி பேரும் அதானே சொன்னீங்க? அதுவுமில்லாம யுனானிலேர்ந்து வந்தா நாங்க ஃபைல்ல போடுறது..." என்று இழுத்துக்கொண்டே தணிகாசலத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"போடுங்க" என்றார். "அவங்க சொன்ன மாதிரியே."

நர்ஸ் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். குல்நார் நாற்காலியிலிருந்து எட்டி, கடைசி எழுத்து திரையில் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் ஊசி போடக் கையை நீட்டினார்.